பலாமரத்தடியில் டைமிங் வைத்தது

என் கணவரும் என் அண்ணனும் பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தபோதுதான் எங்கள் ஜீப்பின் இன்ஜின் கொல்லிமலையில் வெடித்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. சேந்தமங்கலத்தில் எங்களுக்கு மிளகு வியாபாரம். கணவர் வாரம் தவறாமல் மலையேறி, ஆலத்தூர் நாட்டுத் தோட்டக்காரர்களிடம் மிளகு எடுத்து வருவார். அதற்காக வாங்கிய பழைய பெட்ரோல் ஜீப் அது.

அண்ணனுக்குச் சொந்த ஒர்க்‌ஷாப். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டது அவன் கை மட்டும்தான். ஒருமுறை அவன் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது, இவர் அவசரத்துக்கு வேறு இடத்தில் கிளட்ச் மாற்றிவிட்டார். அண்ணன் திரும்பி வந்ததும் வாசலிலேயே நின்று கேட்டான்.

“என் தங்கச்சி ஊட்டு வண்டியில இன்னொருத்தன் ஸ்பானர் போடறதா?”

“வண்டி என்னுதுங்க மச்சான்” என்றார் இவர்.

அவ்வளவுதான் சண்டை. அதன்பின் இவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்து அண்ணன் வீட்டுக்கு வருவான். என் மகளுக்குத் தேங்காய் பன் கொடுத்துவிட்டுப் போவான். பெருநாளன்று மட்டும் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். “கறி வேணுமான்னு உங்கண்ணனைக் கேளு” என்றார் இவர், கறிச் சட்டியைத் தன் கையில் வைத்துக்கொண்டே. “போதும்னு சொல்லு கண்ணு” என்றான் அண்ணன். நடுவில் உட்கார்ந்து நான் என் சோற்றைச் சாப்பிட்டேன்.

வண்டி நின்ற அன்று இவர் பஸ்ஸில் மலையிறங்கி வீட்டுக்கு வந்தார். ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகியதைக் கவனிக்காமல் ஏற்றத்தில் ஓட்டியிருக்கிறார். சூட்டில் இன்ஜின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. வண்டியை வழக்கமாக மிளகு வாங்கும் தோட்டக்காரர் வீட்டுப் பலாமரத்தடியில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

“உங்கண்ணன் ஷெட்டுல இதே மாதிரி இன்ஜின் ஒண்ணு கெடக்குது” என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காலையில் நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அண்ணன் முழுவதும் கேட்டான்.

“அவரு வந்து கேக்க மாட்டாரா?”

“நான் கேக்கறேன் அண்ணே.”

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். “சரி. ஆனா நீயும் கூட வரோணும். அங்க அவருகிட்டப் பேசறதுக்கு எனக்கு ஆளு வேணுமில்ல?”

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று மலையடிவாரத்தில், காரவள்ளியில் கிடைத்தது. நானும் அண்ணனும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். இவர் பின்னால், ஷெட்டிலிருந்து எடுத்துவந்த இன்ஜினைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவுக்கு வளைவு அண்ணன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான். “இன்ஜின் நகருதான்னு பாக்கறேன்” என்று என்னிடம் சொன்னான்.

பலாக்கிளையில் செயின் மாட்டிப் பழைய இன்ஜினைத் தூக்கி, புதியதை இறக்கினார்கள். தோட்டக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மதியத்துக்குள் போல்ட்டெல்லாம் முடுக்கியாயிற்று. மிச்சம் இருந்தது டிஸ்ட்ரிபியூட்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் சரியான நொடியில் கரண்ட்டை அனுப்பும் சாமான் அது. அந்த நொடியைப் பிடிப்பதைத்தான் டைமிங் வைப்பது என்பார்கள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டிலால் இன்ஜினைச் சுற்ற வேண்டும், இன்னொருவர் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அண்ணன் முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்தான். “மெதுவா சுத்தச் சொல்லு.”

“மெதுவா சுத்துங்க” என்றேன்.

“சுத்தறேன்னு சொல்லு” என்றார், நான்கடி தள்ளி நின்ற கணவர்.

காற்று அவன் விரலைத் தள்ளியது. “நிறுத்தச் சொல்லு!” என்றான். நான் சொல்வதற்குள் ஹேண்டில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. இன்ஜினின் முன்பக்கம் சுற்றும் புல்லிச் சக்கரத்தில் இருந்த கோடு, நிற்க வேண்டிய இடத்தைத் துளி தாண்டியிருந்தது. “பரவால்ல, இது போதும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்து எடுத்துவர அண்ணன் தோட்டக்காரர் வீட்டுக்குள் போனான். தோட்டக்காரரின் மனைவி காப்பிக்குக் கூப்பிட்டதால் நானும் போனேன்.

திரும்பி வந்து அதை இறக்கினான். பிளக்கை முடுக்கி ஒயர்களை மாட்டினான். “பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பச் சொல்லு” என்றான்.

திருப்பினார். பட்டாசுக் கட்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம். கார்புரேட்டரிலிருந்து புகை கிளம்பியது. கோழிகள் மிளகுக் கொடிக்குள் பாய்ந்தன. “அய்யோ, வண்டி தீப்புடிச்சுக்குச்சு சாமி!” என்று தோட்டக்காரரின் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் அவனுக்கு இப்படி ஆனதில்லை, அதுவும் அவர் பார்க்க. ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பலாமர வேரில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இவர் ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், ஏதோ சொல்லச் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அண்ணன் முன்னால் நின்றார்.

“மச்சான், நீங்க உள்ள போனப்ப நான் ஒரு சுத்து சுத்தினனுங்க.”

அண்ணன் நிமிர்ந்தான்.

“கோடு துளி தாண்டியிருந்துச்சுல்ல? நேரா நிக்கட்டும்னு சுத்தினேன். ஹேண்டில் பின்னால திரும்பாதில்லைங்க, அதான் முழுசா ஒரு சுத்து வந்துச்சு. நல்லதுன்னுதான் செஞ்சேன்.”

அண்ணன் அடிவயிற்றிலிருந்து சிரிக்கத் தொடங்கினான்.

“ஏன் மாப்ளே, சொல்லியிருக்கலாமில்ல?”

“எப்படிங்க சொல்றது? இவ காப்பி குடிக்கப் போயிட்டாளே.”

இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுச் சுற்றும் என்று அண்ணன் அன்று எங்களுக்குச் சொன்னான். அதனால் கோடு அதே இடத்துக்கு இரண்டு தடவை வரும். ஒரு தடவை நெருப்புக் கொடுக்க வேண்டிய நேரம், இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளும் நேரம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இவர் சுற்றிய சுற்றில் நேரம் மாறிப்போயிருந்தது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். “சுத்துங்க மாப்ளே... இன்னும்... காத்து வருது... நில்லுங்க!” கோடு மயிரிழை பிசகாமல் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப இறக்கி, அதன் ஒயரோடு ஒரு சின்ன பல்பை மாட்டினான் அண்ணன். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை மெல்லத் திருக, கரண்ட் போகும் நொடியைக் காட்டிப் பல்பு எரிந்த இடத்தில் போல்ட்டை இறுக்கினார்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தோட்டக்காரர் கை தட்டினார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

மூட்டைகளை ஏற்றி, பக்கத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். டம்ளரில் கரண்டி தட்டுவதுபோல் இன்ஜினில் ஒரு சத்தம் கேட்டது. நெருப்பு கொஞ்சம் முந்துகிறது என்று அண்ணன் இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பினான்.

“இப்ப இழுவை இல்லீங்களே மச்சான்” என்றார் இவர்.

“இருக்குது. உங்களுக்குக் கால் அழுத்தத் தெரியல.”

“எனக்கா தெரியல? வாரா வாரம் இந்த மலையில ஓட்டறவன் நானு.”

“ஓட்டித்தான் இன்ஜினை ஒடைச்சீங்க.”

தோட்டக்காரரின் மனைவி பயந்துபோய் என் கையைப் பிடித்தார். “ஏனுங்க அம்மணி, மறுபடியும் சண்டையா?”

“இல்லீங்க, பேசிக்கறாங்க” என்றேன்.

வெயில் சாயும் முன் கிளம்பினோம். அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால் மிளகு மூட்டைகள்மேல். இறக்கத்தில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். “கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். பிறகு சத்தமாக ஒருமுறை சொன்னேன். முன்னால் டைமிங்கில் அட்வான்ஸ் எவ்வளவு வைக்கலாம், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி காரவள்ளிவரை அப்படியே வந்து சேர்ந்தேன்.