நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்

திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் சவுரிராயனுக்கு எல்லாம் தெரியும். எந்தப் பாட்டுக்கு மாப்பிள்ளை மேகத்தில் மிதக்க வேண்டும், எந்த அத்தையைக் காட்டாவிட்டால் பந்தியில் சண்டை வரும், எல்லாம். கேள்வி கேட்க மட்டும் தெரியாது. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமாம். அந்தப் பயத்திலேயே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார் மனிதர்.

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரிப் பக்கத்து வீடியோக்காரர்கள் நாங்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். 2012 வாக்கில் அது நல்ல சுறுசுறுப்பாக இருந்தது. கணினி மக்கர் செய்தால் அங்கேதான் கேட்போம். பாதிப் பேர் "அவசரம், யாராவது உதவவும்" என்று எழுதுவார்கள். என்ன அவசரம் என்று எழுத மாட்டார்கள். நாம் ஜோசியம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சவுரிராயன் இவர்களுக்கெல்லாம் ஒரு படி மேலே. அவருக்கென்று எந்தக் கோளாறும் வந்ததே இல்லை. "நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்" என்றுதான் எப்போதும் தொடங்குவார். குழுவில் இருப்பவர்களெல்லாம் போட்டிக் கடைக்காரர்களாயிற்றே, தன் கணினி படுத்தது தெரிந்தால் தை மாதத்துக் கல்யாணங்கள் கைமாறிவிடும் என்று அவர் கணக்கு. அந்த நண்பர் யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஜெசி என்ற பெண் அவர் கடைக்கு வந்தாள். சில மாதங்களுக்கு முன்னால் அவள் கல்யாணத்தை எடுத்தவர் இவர்தான். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவளுடைய அப்பா அமிர்தசாமி மாரடைப்பில் போய்விட்டார். கல்யாணத்தன்று கோயிலுக்குக் கிளம்பும் முன் மகள் தலையில் கை வைத்து வாய்விட்டு ஜெபம் சொல்லியிருந்தார். டிவிடியில் அந்தக் காட்சி இருக்கிறது. வாய் அசையும், ஜெபம் கேட்காது. அதன் மேல் சவுரிராயன் ஒரு சினிமாக் காதல் பாட்டை ஏற்றியிருந்தார். தகப்பன் ஜெபம் சொல்லும் இடத்தில் காதல் பாட்டு. அவ்வளவுதான் அவருடைய ரசனை.

"பாட்டு இல்லாம அப்பா பேசினது மட்டும் வேணும்ணே. அவரு குரலு வேற எதுலயும் இல்ல," என்றாள் ஜெசி.

"அதுக்கென்னம்மா, ஒரிஜினல பத்திரமா வச்சிக்கினுதான் இருக்கேன். அடுத்த வாரம் வா," என்றார் இவர்.

அவள் போன பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தார். சீசனுக்கு இடம் வேண்டும் என்று அவரே அதைப் பார்மட் செய்து மொத்தத்தையும் துடைத்து வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. உடனே குழுவில் எழுதினார்: "நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். அவர் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பைல்களைக் காணவில்லை. என்ன செய்யலாம்?"

விழுப்புரத்தில் கணினி பழுது பார்க்கும் இருதய அருண்தான் முதலில் பதில் போட்டான். அவன் கடையில் ஒரு மேசை போட்டு நான் ஆல்பம் வேலை செய்துகொண்டிருந்தேன். "காணோம்னா எப்படி சார்? அழிச்சாரா, பார்மட் பண்ணாரா? கடைசியா அதுல என்ன பண்ணாரு?" என்று தெளிவாகத்தான் கேட்டிருந்தான்.

மறுநாள் பதில் வந்தது. "நண்பரிடம் விசாரித்தேன். அவர் ஒன்றுமே செய்யவில்லையாம். தானாகப் போய்விட்டதாம்." தன்னைத் தானே விசாரிக்க இவருக்கு ஒரு நாள் பிடித்திருக்கிறது.

தானாகப் போனது என்றால் வைரஸ்தான் என்று குழு முடிவு கட்டியது. ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அவரும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். இல்லாத வைரஸ் எப்படி அகப்படும்? பைல் வரவில்லை, டிஸ்க் மட்டும் நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிறதே என்று மரக்காணத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தை அதில் நிரம்ப நிரம்ப ஏற்றிவிட்டார். அதைக் குழுவில் சொல்லவும் இல்லை.

ஜெசி விடவில்லை. வாராவாரம் வந்து நின்றாள். கடைசியில், டிஸ்க்கை நேரில் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று அருண் எழுத, சவுரிராயனோடு அவளும் ரயிலேறி விழுப்புரம் வந்துவிட்டாள்.

அருண் டிஸ்க்கை மாட்டித் தேடினான். வந்த முதல் படத்தில் யாரோ மரக்காணத்துக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததிலும் அவர்களே. ஜெசியின் கல்யாணம் பெயருக்குச் சில துண்டுகளாகக் கிடந்தது. ஒன்றும் திறக்கவில்லை.

"இது பார்மட் ஆன தேதி இதுலயே இருக்குது சார்," என்றான் அருண். "பார்மட் பண்ணிட்டேன்னு அன்னிக்கே ஒரு வரி எழுதியிருந்தா, டிஸ்க்க தொடாதீங்கன்னு சொல்லியிருப்பேன். மொத்தத்தையும் எடுத்திருக்கலாம். அது மேலயே வேற கல்யாணத்த ஏத்தி வச்சிக்கினு வந்தா நான் என்ன பண்றது?"

"இல்ல தம்பி, நம்ம ஃப்ரெண்டு ஒருத்தரு தெரியாம கை வச்சிட்டாரு…" என்று இழுத்தார் சவுரிராயன். அப்போதும், அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

ஜெசி அருணைப் பார்த்தாள். "அப்பா பேசினது கொஞ்சம்கூட வராதுங்களா?"

"வராதுங்க."

அவள் சவுரிராயன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நாலு பேருக்கு முன்னால உங்க பேரு கெடாம பாத்துக்கினீங்கண்ணே. எங்க அப்பா குரலு போயிடுச்சி."