மரியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்த நாள்

அன்று காலையிலிருந்து இம்மானுவேல் ஒரு செய்திக்காகக் காத்திருந்தார். மனைவி மரியம்மாள் வாந்தி எடுத்துவிட்டாள் என்ற செய்தி அது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விளாங்குடி கார் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறவர். பெண்டாட்டிக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் கிடையாது. பெரிதாக ஒன்றும் ஆக வேண்டாம். முதல் வளைவில் கொஞ்சம் புரட்டினால் போதும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மகள் ஜெஸி மால்டாவில் நர்ஸ். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாகப் போன மரியம்மாளுக்கு அங்கே இது மூன்றாவது மாதம். முந்தின நாள் போனில் பேசும்போது, மருமகன் ஸ்டீபன் ஒரு கார் வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், மறுநாள் காரோடு கப்பலில் ஏறிப் பக்கத்துத் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பப் போவதாகவும் சொன்னாள்.

"டிரைவர் யாரு?"

"டிரைவர் எதுக்கு? இங்க வண்டிய மட்டுந்தான் வாடகைக்குக் குடுப்பாங்களாம். மாப்ளதான் ஓட்டுறாரு."

"ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். பழகாத கை."

"நம்மூரு மாதிரி வலது பக்கந்தானாம். கேட்டுட்டேன்."

அதுவும் போயிற்று. "உனக்குத்தான் கார் ஒத்துக்காதுல்ல. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுலயே இரு."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஸ்டீபன் கார் ஓட்டப் பழகி முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை. இம்மானுவேல் கொடைக்கானலுக்கு எத்தனை முறை ஏறியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாம் அப்படித்தான். எல்லாம் அடுத்தவர் குடும்பங்கள். அவர்கள் சாப்பிடும்போது இவர் தனி மேசையில் உட்காருவார். அவர்கள் வரிசையாக நின்றதும் போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பார். தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணிக்கு. ஓனரிடம் கேட்டு வாங்கிய வண்டி. முன் சீட்டில் அண்ணன் யேசுதாஸ் உட்கார்ந்தார். மரியம்மாள் கடைசி வரிசையில், பைகளுக்கு நடுவே. மேலூர் தாண்டுவதற்குள் அவளுக்கு ஆரம்பித்தது, தஞ்சாவூர் வரை நிற்கவில்லை. அதிலிருந்து அவளுக்குக் கார் ஒத்துக்காது என்பது குடும்பத்தில் முடிந்துபோன விஷயம். அவளும் அதற்கப்புறம் எங்கேயும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதில்லை.

இன்றைக்கு அவருக்குக் காதுகுத்துச் சவாரி. சமயநல்லூர்க் குடும்பம் ஒன்றைத் திருமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் இறக்கிவிட்டு, வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டிருந்தார். சொந்தக்காரர்களை ஏற்றி வந்த இன்னொரு வண்டியின் டிரைவர் சின்னச்சாமி பக்கத்தில் நின்றான்.

"என்னண்ணே, போனையே மொறைக்கிறீங்க?"

"வீட்டுல வெளிய போயிருக்காக."

"யாரு வண்டியில?"

"மாப்ளதான் ஓட்டுறாரு."

"முப்பது வருசமா ஊரையே சுமந்தீங்க. வீட்டுச் சவாரிய மாப்ள தூக்கிட்டாராக்கும்."

"போடா அங்கிட்டு."

மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. வீடியோ. நீலமாகக் கடல், கரைப் பாறையில் கட்டம் கட்டமாக வெட்டிய உப்புப் பாத்திகள், ஒரு சின்ன வெள்ளைக் கார். அதன் பானெட்டில் ரொட்டியைப் பரப்பி வைத்து எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டி வந்த ஸ்டீபனும் அவர்களோடுதான் நின்று தின்றான். மரியம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"அது யாரு கண்ணாடி?"

"மாப்ளது. வெயிலு கண்ணுல அடிக்கிதுன்னு குடுத்தாரு."

"தல சுத்துச்சா?"

"இல்லையே."

"வயித்தப் பொரட்டுச்சா?"

"ஒண்ணும் செய்யலைங்க."

"கப்பல்ல?"

"கப்பல்லயுந்தான். என்ன, டாக்டரு கணக்கா கேட்டுக்கிட்டே இருக்கீங்க?" அவள் சிரித்தாள். "மாப்ள, முன்னாடி உக்காருங்க அத்தைன்னுட்டாரு. ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தேன், ஒரு ஏப்பங்கூட வரல. ஏங்க, முன்னாடி உக்காந்தா வராதுன்னு அவருக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் கேட்டது மட்டுமல்ல, பின்னால் அலை அடிப்பதுகூட இம்மானுவேலுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சிக்னல் விட்டு விட்டு வருது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தெரியாமல் என்ன? வாந்தி வருகிற ஆளை முன்னால் உட்கார வையுங்கள், தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லாத குடும்பம் கிடையாது. அன்று காலையில்கூட, சமயநல்லூரில் ஒரு சின்னப்பெண் முகம் வெளுத்து நின்றதைப் பார்த்து, அவளுடைய பெரியப்பாவைப் பின்னால் போகச் சொன்னார். மீசைக்கார மனிதர், மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் போனார். வேளாங்கண்ணிப் பயணத்திலும் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு தடவையும், இறங்கு என்று அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. பெண்டாட்டிக்காக அண்ணனை எழுப்பினான் என்று பேசுவார்கள் என்று பேசாமல் ஓட்டினார். கண்ணாடியில் அவள் தலை குனிந்து குனிந்து எழுந்தது தெரிந்தது.

ஸ்டீபன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அத்தனை லேசாக எப்படி முடிந்தது என்றுதான் அவருக்கு எரிந்தது. அவன் முதல் கியரில் உறுமவிட்டிருப்பான், வளைவில் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்திருப்பான். அப்படியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். இவர் கை பட்டு அந்த வண்டி போயிருந்தால் மடியில் வைத்த சொம்புத் தண்ணீர்கூடத் தளும்பியிருக்காது.

மண்டபத்தில் மைக் நின்று கூட்டம் வெளியே வரத் தொடங்கியபோது, அவராகவே திருப்பிக் கூப்பிட்டார். ஸ்டீபன்தான் எடுத்தான்.

"அத்தை பெரியவனோட தண்ணியில நிக்கிறாங்க மாமா. கூப்பிடவா?"

"வேணாம் மாப்ள." சின்னச்சாமி நின்ற பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். "திரும்பி வாரப்பவும் அவளையே முன்னாடி உக்கார வைங்க. அவ பக்கத்துக் கண்ணாடிய ரெண்டு வெரலு எறக்கி விடுங்க. ஏசி மட்டும் போட்டா அவளுக்கு ஆகாது."

"சரி மாமா. காலையிலருந்தே எறக்கித்தான் வச்சிருக்கேன். அத்தைக்குக் காத்து வேணும்ல."

இம்மானுவேல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டிக் கதவைத் திறந்துவிட நடந்தார்.

"என்னண்ணே, மாப்ள எப்படி ஓட்டுறாராம்?" என்றான் சின்னச்சாமி.

"ஓட்டுறாரு" என்றார் இம்மானுவேல்.