மடகஸ்காரில் நான் எழுதிய பெயர்ப் பட்டியல்

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். வழக்கமாகக் காப்பியும் ஏலக்காய் போட்ட வாபிளும் மணக்கும் அந்த இடத்தில் அன்று வேறொரு மணம் முந்திக்கொண்டு வந்தது. கழுவி மடித்த பழைய உடுப்பும் அட்டைப்பெட்டியும் சேர்ந்த மணம். ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த அனுஜா பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். "மடகஸ்காருக்கு, அங்கிள். வாற மாதம் போறம்" என்றாள். எனக்கு எப்போதும் வருகிற கேள்விதான் வந்தது: இதையெல்லாம் கடைசியில் யார் உடுத்தப்போகிறார்கள்?

கோபிக்காதீர்கள், நான் ஒரு சந்தேகப் பிராணி. பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்கூட ஏன் வந்தது என்று யோசிப்பேன். இதே தேவாலயத்திலிருந்து நானும் ஒருமுறை மடகஸ்காருக்குப் போயிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நோர்வேக்காரர்களிடம் டுக்னாட் என்று ஒன்று உண்டு. எல்லோரும் கூடிச் செய்யும் சம்பளமில்லாத வேலை. விரும்பியவர்கள் வரலாம் என்பார்கள், வராதவனை மறக்கமாட்டார்கள். அந்தப் பயத்தில், பயணத்துக்கு ஆள் கேட்டபோது கையைத் தூக்கினேன். குழுவாக எடுக்கும் படத்தில் வெள்ளையர்களுக்கு நடுவே ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டதால்தான் என்னைச் சேர்த்தார்கள் என்பது என் சந்தேகம். இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

போன இடத்தில் அந்த முகமே என் காலை வாரியது. அந்தப் பக்கத்துப் பட்டினங்களில் கடை வைத்திருப்பவர்களில் இந்திய வம்சாவளியினர் அதிகம். அதனால் செம்மண்ணும் கள்ளிவேலியுமான அந்தக் கிராமத்தார் கண்ணுக்கு வெள்ளையர்கள் ஊழியம் செய்ய வந்தவர்கள், நான் மட்டும் வியாபாரி. சும்மா நீட்டிய சட்டையை ஒரு முதியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

எங்கள் குழுத் தலைவர் ஒட்வார், மிஷனரிப் பெற்றோருக்கு அந்த நாட்டிலேயே பிறந்தவர். மலகாசி மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த வெயிலிலும் காலுறையோடு செருப்புப் போடுவார். நல்ல மனிதர், யாரையும் சந்தேகிக்கத் தெரியாத அளவுக்கு நல்லவர். வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் கண் வைத்தியர்கள் வருவதாக இருந்தது. அதற்குமுன் நோயாளிகளைப் பதியவேண்டும். அவர் கேட்பார், நான் கொப்பியில் எழுதுவேன். பிள்ளைகள் என்றால் தாயின் பெயரும் எந்தக் கண் என்பதும் போதும் என்றார். அங்கே பெயர்கள் ஒரு வரிக்குள் அடங்காதவை. மொழி வகுப்பில் என் பெயரைக் கண்டு விழித்த நோர்வே ஆசிரியைக்கு அந்தக் கொப்பியைக் காட்டியிருக்கவேண்டும்.

நாலு வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். பிள்ளையின் இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. பெயர் சொல்லுமுன் அவள் ஏதோ கேட்டாள். இந்தக் கொப்பி யாரிடம் போகும் என்று கேட்கிறாள், நல்லவர்களிடம் என்று சொன்னேன் என்றார் ஒட்வார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சின்னதாக ஒரு பெயர் சொன்னாள்.

அது பொய்ப் பெயர். மலகாசியில் ஒரு சொல் தெரியாத எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஆட்களைப் பதிய வீட்டுக்கு வரும் ராணுவத்தினரிடம் அம்மா அப்படித்தான் சிரிப்பார். "எத்தினை பிள்ளையள்?" "ஒண்டுதான் ஐயா." அண்ணன் அப்போது அறைக்குள் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் இருப்பான்.

இவள் பயப்படுகிறாள், ஒழுங்காக விளக்குங்கள் என்று ஒட்வாரிடம் சொல்லியிருக்கலாம். அவரும் விளக்கியிருப்பார். நான் சொல்லவில்லை. இவரை நம்பாத இன்னொரு ஆளும் இருக்கிறதே என்ற அற்பச் சந்தோஷத்தில், அவள் சொன்னதை அழகான கையெழுத்தில் எழுதினேன்.

வியாழக்கிழமை ஊரே கூடியிருந்தது. ஒட்வார் பட்டியலை வாசித்தார். அந்தப் பெயர் வந்தபோது யாரும் அசையவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். தான் சொன்ன பெயரை அவளே மறந்துவிட்டாள். வேலியோரம் பிள்ளையோடு நின்று, தன் முறைக்குக் காத்திருந்தாள். "நீதானே எழுதினாய், யார் இது?" என்று ஒட்வார் என்னிடம் திரும்பினார். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

முழுக் கூட்டமும் அவள் பக்கம் திரும்பியது. எங்கள் ஊரில் ராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தால் எல்லோரையும் மைதானத்தில் இருத்திவிட்டு, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆளை வண்டியில் ஏற்றுவார்கள். தலையாட்டி என்றுதான் அவனைச் சொல்வோம். அண்ணனும் அப்படி ஒருவன் தலையாட்டித்தான் வண்டியில் போனான். அந்தச் சாக்குக்காரனை நான் சபிக்காத நாளில்லை. அன்று மடகஸ்காரில் நான் சாக்குப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடினாள். ஒட்வார் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "மனம் மாறிவிட்டாள் போல" என்று அடுத்த பெயருக்குப் போனார். வைத்தியர்கள் மாலையே புறப்பட்டார்கள். மறுநாள் காலை விசாரித்து அவள் குடிசைக்குப் போனோம். ஆளில்லை, அடுப்புச் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அப்போதும் ஒட்வாரிடம் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

ஒட்வார் காலமாகிவிட்டார். கொப்பி யாரிடம் போனதென்று எனக்கும் தெரியாது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அனுஜாவிடம் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை, அங்கிள். மழை இல்லாமல் எல்லாரும் டவுணுக்குப் போட்டினம். நாங்கள் போறதும் அந்த டவுணுக்குத்தான்."

"அந்த ஊர்ப் பிள்ளை ஒண்டை விசாரிக்க ஏலுமோ?"

"ஓம், ஏன் ஏலாது? அந்த ஊர் ஆக்கள் எல்லாம் ஒரே இடத்திலதான் இருக்கினம். பிள்ளையின்ரை பேரைச் சொல்லுங்கோ" என்று போனை எடுத்தாள்.

உயிரோடு இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இப்போது அனுஜாவின் வயதிருக்கும். அதன் பெயரை அன்று ஒட்வார் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.