காலேஜ் சீட்டுக்கு ஒரு பக்கம் இங்கிலீஷ்

இங்கிலீஷில் எழுதச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இங்கிலீஷ் கஷ்டமே இல்லை, எழுதுகிறவர்கள்தான் கஷ்டம். அடுத்தவர் கட்டுரையைத் திருத்திப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தால், வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மிஸ் ஆன கதை

ப்ளஸ் டூ முடித்தேன். எந்த கோர்ஸ் என்று வீட்டில் நடந்த சண்டை முடிவதற்குள் அட்மிஷன் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் சும்மா உட்கார முடியாது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருக்கும் டியூஷன் சென்டருக்குப் போய் வேலை கேட்டேன். அதை நடத்தும் சார் என் மார்க் ஷீட்டில் இங்கிலீஷ் மார்க்கை மட்டும் பார்த்தார். வேலை இதுதான்: சென்னையில் ஒரு காலேஜ், அடுத்த வருஷ சீட்டுக்கான நுழைவுத் தேர்வில் ஒரு பக்கம் இங்கிலீஷில் சொந்தமாக எழுதச் சொல்கிறது. நன்றாக எழுதினால் சீட்டோடு ஃபீஸும் ஹாஸ்டலும் இலவசம். ஆறு வாரத்தில் எட்டுப் பேரைத் தயார் செய்ய வேண்டும்.

"சார், எனக்கே பதினெட்டுதான். வர்றவங்களும் அதே வயசு" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து புடவை கட்டிக்கினு வாம்மா, இருபத்தஞ்சு மாதிரி தெரியும்."

மூணு பேர் நெய்த கட்டுரை

முதல் வாரம், எங்கள் ஊர் என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். கோபி, லதா, இப்ராகிம் மூன்று பேரும் சேர்ந்து ஒரே தாளை நீட்டினார்கள். ஒரு தாள், மூன்று கையெழுத்து. தொடக்கம் இப்ராகிம்: ஊரில் வெயில் அதிகம். நடுப்பகுதி லதா: அவள் அண்ணனின் கிரிக்கெட் டீம். முடிவு கோபி: ஆகவே மரம் வளர்ப்போம்.

கோபி வீட்டில் தறி ஓடுகிறது. புடவையின் உடலை ஒருத்தர் நெய்ய, கரைக்கு இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுக்க, முந்தியைத் தனி நிறத்தில் கொண்டுவந்து சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன். எந்த வேலையையும் ஒருத்தரே முழுசாகச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குப் புது விஷயம். "மூணு பகுதிக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையேப்பா" என்றேன். அவன் தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"முந்தி வேற கலர்ல இருந்தாதான் மிஸ் கிராண்டா இருக்கும்."

பாய் கேட்ட டிசைன்

இப்ராகிமின் அப்பா அன்வர் பாய் ஜரிகை வியாபாரி. மகன் தினமும் நோட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் மாடி ஏறி வந்துவிட்டார். கட்டுரை என்பது அவனவன் மண்டையிலிருந்து வரவேண்டியது, அவனவன் பார்த்ததை, பட்டதை எழுத வேண்டியது என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவரும் குறுக்கே பேசாமல் கேட்டார். "கரெக்ட்டும்மா, நீ சொல்றது நூத்துக்கு நூறு" என்று தலையாட்டினார். ஒரு ஆளுக்காவது புரிந்ததே என்று எனக்குத் தொண்டை வலிகூட மறந்துபோனது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நல்லதா ஒரு பத்து டிசைன் எடுத்துப் போடும்மா, பையன் ஒண்ணு செலக்ட் பண்ணிக்கட்டும்."

எட்டு டாக்டர்கள்

அந்தப் பத்து டிசைன் சென்டரிலேயே இருந்தது. பத்தென்ன, முப்பது. சார் எழுதி ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கும் முப்பது கட்டுரை நோட்டு. அதில் குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில் அப்பா ஒரு டாக்டர். நான் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னேன். எட்டுப் பேரின் அப்பாவும் டாக்டர். அன்வர் பாய் உட்பட.

ஸ்டெல்லா தாளைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. அவள் மாகறலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எட்டுப் பேரில் இந்த சீட் இல்லையென்றால் வேறு வழியே இல்லாதவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் உள்ளூரில் எங்காவது சேர்ந்துவிடுவார்கள். ஸ்டெல்லாவின் அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறார். சீட் கிடைக்காவிட்டால் அதே கம்பெனி வேனில் இவளும் ஏற வேண்டும். அங்கே பேசியும் வைத்தாகிவிட்டது. "உங்கப்பாதான் செத்துப்போயிட்டாருன்னு சொன்னியே, டாக்டர் எங்கேருந்து வந்தாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை. "நோட்டுல இருந்தாரு மிஸ்" என்றாள்.

"சரி, அம்மாவைப் பத்தி எழுது. கேன்டீன்ல என்ன செய்றாங்க?" கொஞ்சம் யோசித்தாள். வெங்காயம் நறுக்குவாங்க என்றாள். மூட்டை மூட்டையாக. இப்போதெல்லாம் கண்ணில் தண்ணியே வராதாம். சர்ச்சில் கூட்டத்துக்குள் அம்மா எங்கே இருக்கிறார் என்று கை வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாளாம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "இதை எழுது. இதை மட்டும் எழுது." அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"வெங்காயம் நறுக்குறதுல என்ன மிஸ் இங்கிலீஷ் இருக்குது?"

சாரின் கட்சி

ஸ்டெல்லா எழுதினாள். அந்த வாரம் நாலு வரி, அதுவும் நொண்டி நொண்டி. அடுத்த வாரம் பத்து. அதைப் படிக்கும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை. சாருக்கு வந்தது. தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "காலேஜுக்குப் போற பொண்ணு வெங்காயத்தை எழுதினா என்ன நினைப்பாங்க? நோட்டை மனப்பாடம் பண்ணச் சொல்லும்மா" என்றார்.

நான் விடவில்லை. சண்டை போட்டேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. போன வருஷம் அந்த நோட்டை மனப்பாடம் செய்துகொண்டு போய் இரண்டு பேர் சீட் வாங்கியிருக்கிறார்கள். நான் இதுவரை யாருக்கும் எதுவும் வாங்கித் தந்ததில்லை. ஸ்டெல்லா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேச்சைக் கேட்டு இவள் வேனில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. சார் மட்டும் நிதானமாக இருந்தார்.

"நீ எழுதச் சொல்லிக்குடும்மா, பாஸ் பண்றதுக்கு நான் சொல்லிக்குடுக்கிறேன்."

தேர்வு நாள்

எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு நானும் சென்னைக்குப் போனேன். அவர்கள் உள்ளே, நான் கேட்டுக்கு வெளியே. அரை மணியில் கோபி சிரித்துக்கொண்டே வந்தான். தலைப்பு, நீங்கள் மதிக்கும் ஒருவர். அவன் மனப்பாடம் செய்திருந்தது மழைக்காலம். 'நான் மதிப்பது மழையை' என்று ஒரு வரி போட்டுவிட்டு மீதியை அப்படியே இறக்கிவிட்டானாம்.

ஸ்டெல்லா கடைசியாக வந்தாள். "எதை எழுதினே?" "அம்மாவைத்தான் மிஸ். வெங்காயம்." "முடிச்சியா?" "இல்ல மிஸ், பெல் அடிச்சிட்டாங்க." ஆறு வாரமாகக் கட்டுரைக்கு முடிவு வேண்டும், முடிவு வேண்டும் என்று கத்தியவள் நான். பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை திட்டினேன். அந்தக் கம்பெனி வேன்கள் வரிசையாக எதிரே வந்தபோதுதான் வாயை மூடினேன். அவள் ஜன்னலோரம் வேர்க்கடலை தின்றபடி பொறுமையாகச் சொன்னாள்:

"எங்கம்மா இன்னும் வேலைக்குப் போய்க்கினுதானே இருக்காங்க மிஸ், நான் எப்படி முடிக்கிறது?"

அம்மா வந்தார்

பட்டியல் வந்தது. எட்டில் ஒரே ஒரு பெயர், ஸ்டெல்லா. சார் மறுநாளே அவள் போட்டோவையும் முப்பது கட்டுரை நோட்டின் அட்டையையும் சேர்த்து வாசலில் பேனர் கட்டிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அட்மிஷன் முடிந்த மறுநாள் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் மாடி ஏறி வந்தார்கள். அம்மா கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. நன்றி சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன், புடவையைச் சரிசெய்துகொண்டு. "சீட் கிடைச்சது சந்தோஷம்தாம்மா. ஆனா அந்த காலேஜ் மேடம் என் கையைப் புடிச்சிக்கினு, இந்தக் கைதானா அதுன்னு கண்ணு கலங்குறாங்க. நான் வெங்காயத்தைத் தொட்டு மூணு வருஷம் ஆவுது. இப்ப நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழ பன்னெண்டு பேர் இருக்காங்க. அதை ஏம்மா எழுத வைக்கல?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. "முன்னாடி நறுக்கினாங்க மிஸ், அது பொய் இல்ல" என்றாள். "சூப்பர்வைசர்னு ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். புடவை, மிஸ், எல்லாம் மறந்துபோய் டி போட்டுவிட்டேன்.

"நீங்க பேனாவைக் கீழே வெச்சிட்டுக் கேட்டது அது ஒண்ணைத்தான் மிஸ், அதான் அதையே எழுதினேன்."

உள்ளதை எழுது, உள்ளதை எழுது என்று எட்டுப் பேரிடம் ஆறு வாரம் தொண்டை கிழியக் கத்தியதில், எனக்கு எது பிடிக்கும் என்பதை மட்டும் ஒருத்தி சரியாகக் கற்றுக்கொண்டாள், சீட்டும் அவளுக்குத்தான் கிடைத்தது.