நான் போடாத கையெழுத்து

என் வீட்டுக்காரர் பட்டின சபைத் தேர்தலில் நாலு தடவை நின்றார், நாலு தடவையும் தோற்றார். தோற்றதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவரை நிற்கச் சொன்னவர்கள் மேல்தான் இன்றைக்கும் ஆத்திரம்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணம். கடைத்தெருவில் எங்கள் தையல் கடை, பின்னால் குடியிருக்க இரண்டு அறை. எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து ஓட்டும் இருந்தது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துச் சனங்களுக்கு இரண்டும் இல்லை. விண்ணப்பம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லையென்றே பதில் வந்திருந்தது. ஆனால் கூட்டம் என்றால் அவர்கள்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இறங்குகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று இவர் பேச்சைக் கேட்டுக் கைதட்டுவார்கள். "சபையில நம்மாளு ஒருத்தரு இருந்தா, கடைத்தெருவுல நம்மள வாடி போடின்னு பேசுவாங்களா?" என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. தேர்தலன்று அவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்; ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்கிறவர்கள் இவரைத் தெரியாத மாதிரி பார்ப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஜெயித்தவர் எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாம் தேர்தல் முடிந்ததும் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், தூக்கிய கையை இறக்காமலே, "அடுத்த வாட்டியும் நின்னீங்கன்னா கடைய காலி பண்ணிடுங்க," என்றார். இவர் மார்பளவை எழுதிக்கொண்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாலாவது தேர்தல் வந்தது. வேட்பாளரை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். இருவருக்கும் எங்கள் வட்டாரத்தில் ஓட்டு இருக்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் தனிக்கட்டை, யாருக்கும் பயமில்லை, வழிமொழிய வந்துவிடுவார். முன்மொழிய வேறு யாரும் துணியாததால் எப்போதும் நான்தான் கையெழுத்துப் போடுவேன்.

மனுக் கொடுப்பதற்கு முதல் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இவர் என்னிடம் வந்தார்.

"இந்தா, நாளைக்கு தோட்டத்து சனங்க முன்னால நீ கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிடு."

"நிக்க மாட்டேன்னு நீங்களே சொல்றதுக்கென்னங்க?"

"அவங்க மூஞ்சிய பாத்து என்னால சொல்ல முடியல. பொண்டாட்டி ஒத்துக்கலன்னா விட்டுடுவாங்க."

பத்து வருஷமாக இவருக்குப் பதவி ஆசை என்று நினைத்து நான் சண்டை போட்டிருக்கிறேன். மனிதர் மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாக இருந்தது. என்னை ராட்சசி என்றாலும் சொல்லிக்கொள்ளட்டும், தலைக்கு மேல் கூரையாவது மிஞ்சுமே என்று சம்மதித்தேன்.

மறுநாள் காலை வாசல் நிறைய ஆள். அன்றையச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, "நான் போட மாட்டேங்க. எங்களுக்குக் குடியிருக்க எடம் வேணும்," என்றேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் தப்பித்திருப்போம்.

முன்னால் நின்ற கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி கோபமே இல்லாமல், "அம்மா போடாட்டி என்னங்க? பாப்பாவுக்குத்தான் இந்த வருசம் ஓட்டு வந்திருக்கே," என்றாள்.

ஓட்டே இல்லாத அவர்களுக்கு, யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்பது மனப்பாடம். எங்கள் மகளின் பெயர் புதுப் பட்டியலில் வந்திருந்ததைப் பெற்ற நாங்கள் இருவரும்தான் மறந்திருந்தோம். அவளிடம் எங்கள் ஏற்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவும் இல்லை.

உள்ளேயிருந்து வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியொரு வெறுப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

"குடுங்கப்பா, நான் போடுறேன்."

இவர் பேனாவைக் கொடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னாலும் அவள் அப்பாவின் மானம் போகும். சும்மா நின்றேன். அவளே அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். எல்லோரும் கைதட்டினார்கள். இவர் சனங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்றைக்கே நான் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தேன். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"அப்பா தோத்துருவாங்கன்னு இப்பவே முடிவு பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டாள்.