உப்பேறிய பனிக்கட்டி

என் மகள் அண்டார்டிகாவில் இருக்கிறாள். நான் கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் மேலாளர். தாய் இங்கே ஐஸ் செய்கிறாள், மகள் ஐஸைத் தேடிப் போயிருக்கிறாள் என்று படகுக்காரர்களுக்கு ஒரே கேலி. கணவர் இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர். இப்போது நான் மட்டும். ஒரு டம்ளர் அரிசி எனக்கு மூன்று வேளைக்கு வருகிறது.

அங்குள்ள ஆய்வு நிலையத்தில், உறைந்த கடலின் மேல் நடந்து பனியின் தடிமனை அளப்பது அவள் வேலை. துளையிட வேண்டும், அளவுகோலை இறக்க வேண்டும், எழுதிக்கொண்டு நகர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் பேசுவாள். போன கார்த்திகையில், இங்கே அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு, எடுத்தவுடனேயே சொன்னாள்.

"யம்மா, பயப்படாம கேளு. செவ்வாக்கெழம பனி ஒடஞ்சு இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டேன். கயிறு கட்டிருந்தோம்லா, இழுத்துட்டாங்க. இப்ப நல்லாருக்கேன்."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்க ஜன்னலைச் சாத்தினேன். அவள் தொடர்ந்தாள்.

"இந்த வருசம் பனி முன்னாலயே மெலியுதும்மா. நான் கவனமாத்தான் போனேன். ஒடையுததுக்கு முந்தி ஐஸ் சத்தம் குடுக்கும்னு நீ சொன்னேல்லா, அதக் கேட்டுக்கிட்டேதான் நடந்தேன். ஒரு சத்தமும் வரல."

அங்கே கோடை முடியும் மாசியில் வரும் கப்பலில் திரும்பலாம், விரும்பினால் இன்னொரு குளிர்காலமும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். யோசிக்கிறேன் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பதற்குப் பதில், சாப்பிட்டாயா என்று கேட்டுவைத்தேன்.

சத்தம் கொடுக்கும் என்று சொன்னது நான்தான். வேதியியல் படித்தவள், பதினெட்டு வருடம் ஐஸோடு கிடந்தவள் என்ற தோரணையில், அவள் பெட்டி கட்டும்போது சொன்னேன். அச்சிலிருந்து எடுத்த நீளமான ஐஸ் கட்டியை, 'பார்' என்போம், தண்ணீரில் முக்கினால் உள்ளே படீரென்று கீறல் ஓடும். நான் அறிந்த ஐஸ் அப்படித்தான் உடையும்.

மறுநாள் காலை, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் ஒருவர் கம்பெனி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"யக்கா, இங்கன வாங்க. இது ஐஸா, களியா? மழ பேஞ்சும் கடல் தண்ணி சுட்டுக் கெடக்குன்னு ரெண்டு பார் கூட ஏத்துதேன், நீங்க இதக் குடுக்கீங்க. ஒங்க மவகிட்டச் சொல்லி அங்கேருந்து ஒரு கட்டி அனுப்பச் சொல்லுங்க."

கையிலிருந்த கூரான கம்பியை அந்தப் பாரில் குத்தினார். சத்தமே இல்லாமல் கம்பி பாதிக்கு மேல் உள்ளே போனது.

நல்ல தண்ணீரைத் தகர அச்சுகளில் ஊற்றி, கடுங்குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கி உறைய வைப்பது எங்கள் முறை. அச்சில் ஓட்டை விழுந்தால் உப்புநீர் உள்ளே கசியும். அந்தப் பார் இறுகாது, கீறாது, குத்தினால் விட்டுக்கொடுக்கும். மாதத்துக்கு ஒன்றாவது அப்படி வரும், தூக்கி எறிவோம். அவள் நடந்ததும் உறைந்த உப்புக் கடலின் மேல்; அந்தப் பனியும் இப்படித்தான். இத்தனை வருடம் என் கண் முன்னால் கிடந்த விஷயம், அவள் பெட்டி கட்டிய அன்று எனக்குத் தோன்றவில்லை.

"என்னக்கா, மொகம் இப்படிப் போவுது? வேற பார் குடுங்க, போதும். நான் மொதலாளிகிட்டச் சொல்ல மாட்டேன்," என்றார் அவர்.

அந்த வாரம் முழுதும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால், பிள்ளை பிழைத்துக்கொண்டாளே என்பார்கள். குழாயைத் திறந்துவிட்டு நின்றால் தண்ணீரின் குளிர்ச்சியிலேயே அவள் இடுப்பு வரை முங்கியது நினைவுக்கு வந்தது. வந்துவிடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என முடிவு செய்து அடுத்த ஞாயிற்றுக்குக் காத்திருந்தேன்.

அன்று அவளே முந்திக்கொண்டு பேசினாள். பெங்குவின்கள் குஞ்சு வளர்க்கும் விரிகுடாவுக்கு ஹெலிகாப்டரில் போய் வந்திருந்தாள்.

"பாதிப் பனி ஒடஞ்சு போயிட்டும்மா. குஞ்சுங்களுக்கு இன்னும் அந்தச் சாம்பல் பஞ்சு எறகுதான், நீந்துத எறகு மொளைக்கல. அதோட தண்ணிக்குள்ள விழுந்தா நனஞ்சு முங்கிரும். தாயும் தகப்பனும் இரையோட வந்து ஓரத்துல நின்னு கூப்புடுது. கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

நான் சேர்த்துவைத்திருந்த கண்டிப்பு எங்கோ போய்விட்டது. ஓட்டை அச்சைப் பற்றிச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, என்னால்தான் விழுந்தாய் என்றேன்.

அந்தப் பக்கம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும் ஓசை கேட்டது. "கடல் பனி சத்தமில்லாம வளையும்னு பயிற்சியில மொத நாளே சொன்னாங்கம்மா. எழுதிக்கூட வச்சிருக்கேன். நடக்கும்போது ஒன் குரல்தான் காதுல கேட்டுச்சு."

"வந்துரு ஏளா," என்றேன்.

"இருக்கேன்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த குளிருக்கு அந்தப் பெங்குவினுங்க அதே எடத்துக்குக் குஞ்சு பொரிக்க வருதான்னு யாராவது பாக்கணும்லா."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எத்தன அடிக்கு ஒருக்கா தொளை போடுத?"

"பத்து."

"அஞ்சுக்குப் போடு."

"வேல முடியாதும்மா."

"முடியாட்டாப் போவுது. நான் சொன்னத எல்லாம் மறந்துரு. அங்கன உள்ளவங்க சொல்லுததக் கேளு."

என் பேச்சைக் கேட்காதே என்று அவளிடம் அதுவரை நான் சொன்னதேயில்லை. அவள் சிரித்தாள். இணைப்பு அறுந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.