ஓரகத்தியின் சென்சார்

என் ஓரகத்தியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். அதைச் சொல்லாமல் இதை ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூடிப்போன நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம் இருக்கும் சின்னக் கம்பெனி. தடுப்பூசி மருந்தைக் குளிராக எடுத்துப்போகும் பெட்டிகள் செய்கிறோம். பெட்டிக்குள் கம்ப்ரசர் கிடையாது. பிஸ்கட் அளவில் ஒரு தகடு. கரெண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். எவ்வளவு குளிர் என்று தெரிய, குளிரும் பக்கத்தில் ஒரு குட்டி சென்சாரைப் பசை போட்டு ஒட்டுவேன். வண்டி குலுங்கினால் அது பெயர்ந்துவிடும். பெயராத வழி ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு டிசைன் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். அது எனக்குத்தான் என்று வீடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

நேற்று வந்தவள் அதைத் தட்டிக்கொண்டு போனாள்.

கரெண்டை நிறுத்தியதும், இரு பக்கமும் சூடு வேறாக இருப்பதால், அந்தத் தகடு தானாகவே கொஞ்சம் வோல்டேஜ் கொடுக்கும். தகடு பழுதில்லையா என்று பார்க்க ரெசிஸ்டன்ஸ் அளக்கும்போது அது குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்கும். அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் நின்று பார்த்தவள் கேட்டாள்: "இது இன்னாத்துக்குக்கா அடங்கணும்? இதையே அளந்தா இன்னா?"

"போய் உன் வேலையைப் பாரு" என்றேன்.

பார்த்தாள். கரெண்டைக் கண் இமைக்கும் நேரம் நிறுத்தி, அந்த வோல்டேஜை அளந்து, வெளியே சுடும் பக்கத்தின் சூட்டோடு கணக்குப் போட்டால் குளிரும் பக்கத்தின் அளவு வந்துவிடுகிறது. உள்ளே தனியாக எதையும் ஒட்ட வேண்டாம். தகடே சென்சார். எத்தனை வருஷமாகத் தொல்லை என்று நான் சபித்துக்கொண்டிருந்ததை அவள் எடுத்துப் பொட்டு வைத்துவிட்டாள்!

முதலாளி முன்னால் அதைக் காட்டினாள். அவர், "கரெண்ட அடிக்கடி நிறுத்தினா உள்ள சூடு ஏறிடாதாம்மா?" என்றார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும். நிறுத்தி நிறுத்தி உட்கார்ந்திருந்தவள் நான்தானே. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், அந்த யோசனை அங்கேயே படுத்திருக்கும். ஆனால் இவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று காட்டாமல் இருக்க என் திமிர் விடவில்லை.

"ஏறாது சார். அவ்ளோ சின்ன நேரம் பொட்டிக்கே தெரியாது. நான் பாத்துக்கினே இருந்திருக்கேன்" என்றேன்.

டிசைன் பொறுப்பு அவளுக்குப் போயிற்று.

சுரங்கம் மூடி அங்கே ஷிப்ட் நின்றும், எங்கள் வீட்டு அடுப்படிக்கு இன்னும் ஷிப்ட் உண்டு. அன்று மாலை ஷிப்ட் என்னுடையது. நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்க, அவள் மாமியாரிடம், "அக்கா இல்லன்னா இன்னிக்கு ஒண்ணுமே நடந்திருக்காது அத்தை. எனக்கு வாயே வரல. அவங்கதான் பதில் சொன்னாங்க" என்றாள். சொன்னதெல்லாம் நிஜம்.

மாமியார் அவள் முகத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். "எவ்ளோ நல்ல மன்சும்மா உனக்கு! இம்மாம் பெரிய வேலை வந்தும் பெரியவளை விட்டுக்குடுக்கல பாரு."

பதவி போனாலும் நல்லவள் என்ற பேராவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். அதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.